சாவி கொடுத்தால் பாடும் பறவை

பிப்ரவரி 4

கொழுந்தனார் அவர்களுக்கு,

அண்ணி எழுதுவது. ‘அவர்கள்’ போட்டு எழுத எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. என் கல்யாணத்துக்குப் பள்ளிக்கூடப் பையோடு வந்து நின்ற உங்களை இத்தனை வருடமும் ‘டேய்’ என்றுதான் கூப்பிட்டேன். ஒரு வருடமாகப் பேச்சே இல்லாமல் போன பிறகு அப்படித் தொடங்க வாய் வரவில்லை. போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் சண்டைதான் வரும். எழுதினால் பிடிக்காத வரியை அடித்துவிட்டு வேறு எழுதலாம், வாய்க்கு அந்த வசதி இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அண்ணன் முன்னறையில் பல் ஆஸ்பத்திரி வைத்துக்கொண்டு, நாங்கள் பின்னால் குடியிருந்த இந்த வாடகை வீட்டை ஓனரின் மகன் திருப்பிக் கேட்கிறார். நல்ல மனிதர்தான், கோடை முடிவதற்குள் காலி செய்தால் போதும் என்கிறார். பஸ் டெப்போவுக்குப் பக்கத்தில் இரண்டு அறை உள்ள ஃபிளாட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பஸ்களுக்கு நேர அட்டவணை போட்டுப் போட்டு நான் சேர்த்தது பாதிக்குத்தான் காணும். மீதிக்கு வழி, கூடத்தில் நிற்கிற பித்தளைக் கூண்டும் அதற்குள் இருக்கிற சாவிப் பறவையும்.

அதை ஏல நிறுவனத்தில் கொடுத்து விற்கப்போகிறேன். விசாரித்துவிட்டேன். நூறு வருடத்துக்கு மேல் பழசாம், தேடி வாங்க ஆட்கள் இருக்கிறார்களாம். ஆனால் குடும்பத்தில் வேறு யாராவது உரிமை கேட்கக்கூடும் என்றால் அவர்களிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு வரச் சொல்கிறார்கள்.

நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். எப்போது, எந்த நிலையில் கேட்டீர்கள் என்பதை நான் எழுதவில்லை. இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினால் நன்றாக இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணி


பிப்ரவரி 15

அண்ணி,

கடிதம் கிடைத்தது. லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை செய்துகொண்டிருந்தபோது ஆபீஸ்காரர் மேலே இருந்து உறையை ஆட்டிக் காட்டினார். உங்கள் கையெழுத்து என்று தூரத்திலேயே தெரிந்துவிட்டது. வேலையை முடித்துவிட்டுத்தான் மேலே வந்தேன்.

‘நீங்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

எப்போது கேட்டேன் என்று நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்கு நினைவிருக்கிறது. சுடுகாட்டில் அண்ணனை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்த அன்று. வீடு நிறைய ஆட்கள். எங்கே நிற்பது, யாரிடம் பேசுவது என்று தெரியாமல் போய் அந்தக் கூண்டுக்கு முன்னால் நின்றேன். அழுகையும் வரவில்லை. எதையாவது கையில் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. “இதை நான் எடுத்துக்கட்டுமா அண்ணி”ன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். நீங்கள் எல்லார் முன்னாலும், “இன்னும் செருப்பைக்கூடக் கழட்டல, அதுக்குள்ள பொருளுக்கு வந்துட்டியா”ன்னு கேட்டீர்கள். உங்கள் தங்கை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. அன்று சாயங்காலமே ரயில் ஏறிவிட்டேன்.

அண்ணன் எனக்கு எழுதி வைத்தார் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை விளையாட்டாகச் சொன்னார். “நான் போனா நீ எடுத்துக்கடா, உங்க அண்ணி இதை ஜன்னல் வழியா வீசிடுவா”ன்னு. அதை உரிமை என்று நீங்களும் சொல்லமாட்டீர்கள், நானும் சொல்லவில்லை.

கையெழுத்து விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். அதற்கு நடுவில் ஒன்று. பறவைக்கு யாரும் முழுச் சாவி கொடுக்க வேண்டாம். பாதிதான். இப்போது பாடுகிறதா?

தம்பி


பிப்ரவரி 25

கொழுந்தனாருக்கு,

பாடுகிறதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை.

ஏல நிறுவனத்தில் இருந்து ஒரு பெண் வந்திருந்தாள். பழைய கடிகாரம், பொம்மை, இயந்திரம் எல்லாம் மதிப்புப் போடுகிறவள். சின்ன வயசுதான். கழுத்தில் ஒரு டார்ச், மூக்கில் ஒரு கண்ணாடி, தலையில் இன்னொரு கண்ணாடி. கூண்டை மேசையில் வைத்துச் சுற்றிச் சுற்றி வந்தாள். நீங்கள் எழுதியபடி பாதிச் சாவிதான் கொடுக்கச் சொன்னேன். பறவை தலையைத் திருப்பியது, அலகைத் திறந்தது, வாலை ஆட்டியது. எல்லாம் ஜோராக நடந்தது. சத்தம் மட்டும், எங்கள் டெப்போவில் பழைய பஸ் கதவு மூடுகிற மாதிரி ஒரு ‘புஸ்’.

அவள் அடித்தட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தாள். “துருத்தியில தோலுக்குப் பதிலா ரப்பர் மாதிரி என்னவோ ஒட்டியிருக்கு. வெடிச்சுப் போயிருக்கு. யார் வைத்தியம் பார்த்தது?”

“பல் டாக்டர்”ன்னு சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தாள். நான் சிரிக்காததால் அவளும் சிரிக்கவில்லை.

என்னென்ன மாற்றியிருக்கிறது என்று தெரிந்தால்தான் விலை சொல்ல முடியும் என்கிறாள். எனக்கு என்ன தெரியும்? ஞாயிற்றுக்கிழமை என்றால் அண்ணனும் தம்பியும் பின்னறைக் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். நீங்கள் இந்த ஊரில் வேலை பார்த்த மூன்று வருடமும் இப்படித்தான். டீயைக் கொண்டு வந்தால், “அண்ணி, மேசையை ஆட்டாதீங்க, திருகாணி பறந்துடும்.” நான் டீயை வாசலிலேயே வைத்துவிட்டுப் போவேன், ஆறிப்போன கப்பைத் திரும்ப எடுத்து வருவேன். வாரத்தில் ஆறு நாள் ஊரார் வாய்க்குள் இருந்த மனிதர், ஏழாவது நாள் இந்தப் பறவையின் வாய்க்குள் இருந்தார். என் வாயிலிருந்து வருவதைக் கேட்க அவருக்கு நாள் மிச்சமில்லை. என் தங்கையிடம் இதை அவருடைய ‘சின்ன வீடு’ என்று சொல்வேன். அவள் சிரிப்பாள். நான் ஒருநாளும் சிரித்ததில்லை.

அன்று எல்லார் முன்னாலும் உங்களை அப்படிக் கேட்டது தப்புத்தான். ஆனால் எனக்கு அன்று எப்படித் தெரிந்தது தெரியுமா? ஆள் போன பிறகும் நீங்கள் இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு என்னை வெளியே நிறுத்தியது போல இருந்தது.

அந்த ரப்பர் என்ன, வேறு என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். அவளுக்குச் சொல்ல வேண்டும்.

அண்ணி


மார்ச் 8

அண்ணி,

நீங்கள் வெளியே நின்றது எனக்குத் தெரியாது. வேலையில் இருந்தோம் என்று நினைத்தேன். இப்போது படிக்கும்போது தெரிகிறது. இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் அவள் கேட்டதை எழுதுகிறேன்.

அந்தப் பறவையை நாங்கள் தேடிப் போய் வாங்கவில்லை. நோயாளிகள் உட்காரும் அறைக்கு மேசை விளக்கு வேண்டும் என்று, மூடப்போகிற ஒரு ஹோட்டலில் சாமான்களைக் கழிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனோம். விளக்குகளைப் பெட்டியோடுதான் தருவோம் என்றார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அடியில் நசுங்கிய கூண்டு. பறவை சாய்ந்து கிடந்தது. அண்ணன் அதை எடுத்து அலகைத் திறந்து பார்த்தார். “வாயைத் திறக்கிறதுக்கு மட்டும் எல்லாரும் என்கிட்ட வந்துடுறாங்க”ன்னார்.

உள்ளே இருக்கிற விஷயம் இதுதான். சாவி கொடுத்தால் ஒரு வில் சுருளும். வில் சக்கரங்களைச் சுற்றும். சக்கரம் ஒரு பக்கம் சின்னத் துருத்தியை ஊதும், இன்னொரு பக்கம் கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஊதலுக்குள் ஒரு தண்டை மேலும் கீழும் தள்ளும். அதுதான் பாட்டு. வில்லும் சக்கரமும் என் பொறுப்பு. லிஃப்ட்டும் இதே கதைதானே, ஏறணும், இறங்கணும், நடுவில் நிற்கக்கூடாது. ஒரு பல்சக்கரத்தில் இரண்டு பல் உடைந்திருந்தது. புதுச் சக்கரம் எங்கேயும் கிடைக்காது என்றேன். “பல்லுதானேடா”ன்னார் அண்ணன். பல்லுக்கு மூடி போடுகிற உலோகத்தில் இரண்டு பல் வார்த்துக் கட்டினார். இன்றைக்கும் அது அசையாது, பார்த்துக்கொள்ளுங்கள்.

துருத்திதான் மூன்று வருடத்தையும் தின்றது. பழைய தோல் தூளாகிப் போயிருந்தது. அவ்வளவு மெல்லிய தோல் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் அண்ணன், வேர் சிகிச்சை செய்யும்போது பல்லைச் சுற்றி வாய்க்குள் விரிக்கிற ரப்பர் தாளை வெட்டி ஒட்டினார். அன்றைக்குத்தான் முதன்முதலில் பாடியது. ரப்பர் ரொம்ப வருடம் தாங்காது என்று இரண்டு பேருக்கும் தெரியும். “வெடிச்சா பார்த்துக்கலாம்”ன்னார்.

எல்லாவற்றையும் அந்தப் பெண்ணிடம் மறைக்காமல் சொல்லுங்கள். விலை குறைந்தாலும் குறையட்டும். தெரியாமல் ஒருவர் வாங்கிக்கொண்டு போய், அது ‘புஸ்’ என்றால் அண்ணன் பேர்தான் கெடும்.

தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. இங்கே ஒரு இசைக்கருவி ரிப்பேர்க்காரர் இருக்கிறார், நான் லிஃப்ட் பார்க்கிற ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் அவர் கடை. அவரிடம் மெல்லிய தோல் இருக்கிறது. துருத்தியை நான் சரியாகச் செய்து தருகிறேன். ஆனால் பறவை இங்கே வர வேண்டும். உங்களுக்கு யோசனையாக இருக்கும். யோசித்துச் சொல்லுங்கள்.

தம்பி


மார்ச் 19

கொழுந்தனாருக்கு,

நன்றாகவே யோசித்தேன். என் தங்கையிடம் கேட்டேன். “அக்கா, பூனைகிட்ட பாலைக் கொடுத்துட்டு, பத்திரமா வெச்சிருன்னு சொல்றியா?”ன்னு கேட்டாள். அவள் வீட்டுக்காரர் அதற்கு மேல். “போனது போனதுதான், வக்கீல் செலவையும் இப்பவே எடுத்து வெச்சுக்குங்க”ன்னார்.

ஏலப் பெண்ணிடம் கேட்டேன். உங்கள் கடிதத்தையே படித்துக் காட்டினேன். பல்சக்கரத்துக்குப் பல் கட்டிய இடம் வந்ததும் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள். ரப்பரோடு விற்றால் பாதி விலைதான் போகும், நல்ல தோல் போட்டுப் பாடினால் கதையே வேறு என்கிறாள். அவர்களுடைய ஆளிடம் கொடுத்தால் இந்த ஏலத்துக்கு வராது, அடுத்ததற்குத்தான். எனக்கு அடுத்தது வரை வீடு இல்லை. மே மாதம் பதினான்காம் தேதி ஏலம், அதற்கு ஒரு வாரம் முன்னால் பறவை அவர்கள் கையில் இருக்க வேண்டும்.

“அவரை நம்புறீங்களா?”ன்னு கேட்டாள்.

உன் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தேன். பிறகு, “கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துட்டுத்தான் பறவையைக் கேட்டான்”ன்னு சொன்னேன். சொல்லும்போதுதான் எனக்கே அது உறைத்தது. பறவை வந்தால் கையெழுத்து என்று நீ பேரம் பேசியிருக்கலாம். பேசவில்லை.

அவர்களுடைய ஆட்களே வந்து கட்டினார்கள். கூண்டுக்குள் பஞ்சு, பறவையைச் சுற்றிப் பட்டுத் தாள், பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி. நேற்று வண்டி ஏற்றிவிட்டேன். கூடத்தில் அது இருந்த இடம் வட்டமாகத் தெரிகிறது, அங்கே மட்டும் பாலிஷ் புதுசாக இருக்கிறது.

கிடைத்ததும் ஒரு வரி எழுது.

அண்ணி


ஏப்ரல் 12

தம்பிக்கு,

பெட்டி உன் கைக்குக் கிடைத்துவிட்டது என்று வண்டிக்காரர்கள் சொல்கிறார்கள். உன் கையெழுத்தைக்கூட எனக்குக் காட்டினார்கள். ஆனால் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தேன், அடித்துக்கொண்டே இருந்தது.

வேலை அதிகமாக இருக்கும். இல்லை உடம்புக்கு ஏதாவது இருக்கும். நான் வேறு எதையும் நினைக்கவில்லை. என் தங்கை மட்டும் தினம் வந்து, “வந்துச்சா?”ன்னு கேட்கிறாள். கேட்கிற விதத்திலேயே வந்திருக்காது என்று தெரிந்துதான் கேட்கிறாள்.

ஃபிளாட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். கையிலிருந்த எல்லாவற்றையும் போட்டுத்தான் கொடுத்தேன்.

உனக்கு வைத்துக்கொள்ளத் தோன்றினால், அதை எனக்கு எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே. உன் அண்ணனும் அப்படித்தான், ஏதாவது சங்கடம் என்றால் பேசாமல் இருந்துவிடுவார். அந்தப் பேசாமல் இருப்பதோடு குடித்தனம் நடத்தி நடத்தி அலுத்துப்போனவள் நான். இன்னொரு தடவை முடியாது.

அண்ணி


ஏப்ரல் 20

அண்ணி,

நல்லவேளையாகக் கேட்டீர்கள்.

பறவை வந்த மறுநாளே துருத்தியைப் பிரித்துவிட்டேன். முதலில் ஒட்டிய தோல் தடிமன் அதிகம், மூச்சே வாங்கவில்லை. இரண்டாவது, மடிப்பில் கிழிந்தது. ரிப்பேர்க்காரர், “கையில பலம் ஜாஸ்தி, கம்பி இழுக்கிற கை இது”ன்னு சொல்லி, என்னை உட்காரவைத்து வெறும் தோலை மடித்துப் பழகச் சொன்னார். மடித்துப் பழகினேன். மூன்றாவது நின்றது.

பாடியது, அண்ணி. ரப்பர் போட்டிருந்தபோது கேட்டதெல்லாம் பாட்டே இல்லை. நடுவில் ஒரு இடத்தில் குரல் மேலே போய் நின்று, இறங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது. அது இருப்பதே எங்களுக்குத் தெரியாது. அண்ணன் கேட்காமலே போய்விட்டார்.

வேலை அன்றைக்கே முடிந்துவிட்டது. ஆனால் எழுத முடியவில்லை. எழுதினால் அனுப்ப வேண்டும். வேலையிலிருந்து வந்ததும் பாதிச் சாவி கொடுப்பேன், அது பாடி முடிக்கும் வரை சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருப்பேன். உங்கள் போன் அடித்தபோது கையில்தான் வைத்திருந்தேன். உங்கள் தங்கை சொன்னது பொய் இல்லை. வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. ‘உடைந்துவிட்டது’ என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றுகூட ஒருநாள் தோன்றியது.

உங்கள் கடிதத்தில், பேசாமல் இருப்பதோடு குடித்தனம் நடத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும், நான் இங்கே இந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பறவையோடு உட்கார்ந்திருக்கிறேன் என்பது தெரிந்தது. நீங்கள் மறுபடியும் வெளியே நிற்கிறீர்கள்.

இதை வண்டியில் ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. நானே கொண்டு வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன். மே ஆறாம் தேதி காலை ரயில்.

தம்பி


ஏப்ரல் 27

டேய்,

வா. முன்னறையைக் காலி செய்துகொண்டிருக்கிறேன், அதனால் பல் பார்க்கிற நாற்காலியில்தான் உனக்குப் படுக்கை. சாய்த்தால் நன்றாகத்தான் இருக்கும், உன் அண்ணன் மத்தியானத்தில் அதில்தான் குறட்டை விடுவார்.

என் தங்கை வீட்டில் இருப்பாள். உன்னைப் பார்க்க வேண்டுமாம். அன்றைக்குப் பார்த்தது போலப் பார்க்கமாட்டாள், நான் சொல்லி வைத்திருக்கிறேன்.

பெட்டியை மேலே சாமான் தட்டில் வைக்காதே. மடியில் வை.

அண்ணி


மே 17

தம்பிக்கு,

நீ ரயிலுக்கு நேரமாகிறது என்று ஓடியதில் எதையும் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஏல ஹாலில் நம் எண் வந்ததும் நீ எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாய். போ என்று நானும் விட்டுவிட்டேன். உனக்குத் தெரியாத பாகத்தை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெண் கூண்டை மேடைக்குக் கொண்டு வந்தாள். ஏலம் விடுகிறவர் கேட்டலாக்கை அப்படியே படித்தார். “துருத்தித் தோல் புதிது. பல்சக்கரத்தில் இரண்டு பற்கள் பின்னாளில் கட்டப்பட்டவை. சரிசெய்தவர்கள், உரிமையாளரான பல் மருத்துவரும், லிஃப்ட் மெக்கானிக்கான அவருடைய தம்பியும்.” ஹாலில் எல்லாரும் சிரித்தார்கள். கேலிச் சிரிப்பு இல்லை. ஏலம் விடுகிறவரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இத்தனை நாளும் உன் அண்ணன் பேர் எங்கேயும் அச்சில் வந்ததில்லை. இதிலும் பேர் இல்லைதான், ஆனாலும் அவர்தான்.

பிறகு அவள் சாவி கொடுத்தாள். பாதிதான், நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தேன். நீ எழுதியிருந்த அந்த இடம் வந்தது, குரல் மேலே போய் யோசிக்கிற இடம். யாரோ இருமிக்கொண்டிருந்தவர் இருமலைப் பாதியில் விழுங்கினார். கூடத்தில் இத்தனை வருடம் நின்றதை நான் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. கேட்க வேண்டாம் என்றே இருந்தேன். அன்றைக்குக் கேட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய.

கேட்டவர்கள் மூன்று பேர். முன் வரிசையில் நீலச் சட்டைக்காரர் ஒருவர், எண் அட்டையைத் தூக்கும்போதெல்லாம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா மூன்றாவது தடவை தலையை அசைத்ததும் அட்டையை மடியில் வைத்துவிட்டார். அப்புறம் ஒரு கடைக்காரர். அவர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. மூன்றாவது ஆள் போனில். சுவரோரம் நின்ற பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். கடைக்காரர் தூக்க, இவள் ஆட்ட, ஏறிக்கொண்டே போனது. இதற்குக் கீழே விற்கமாட்டோம் என்று நாம் சொல்லி வைத்த விலையைத் தாண்டியதைக்கூட நான் கவனிக்கவில்லை. திடீரென்று கடைக்காரர் அட்டையை இறக்கிவிட்டார். சுத்தியல் சத்தம், யாரோ கதவை ஒரே தரம் தட்டியது போல இருந்தது.

சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருந்தேன். என் சக்களத்தி வீட்டை விட்டுப் போகிறாள் இல்லையா. ஆனால் எழுந்து அந்தப் போன் பெண்ணிடம் போய், “ஈரமான இடத்துல வெக்க வேண்டாம், முழுச் சாவி கொடுக்க வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லுங்க”ன்னு சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் எழுதிக்கொண்டாள். யார் வாங்கியது என்று கேட்டேன், சொல்லக்கூடாதாம்.

அப்புறம்தான் வராந்தாவுக்கு வந்தேன். “போச்சா?”ன்னு கேட்டாய். “போச்சு”ன்னேன். படி இறங்கும்போது நீ என் கைப்பையை வாங்கிக்கொண்டாய்.

அவர்கள் கமிஷன் போக வந்ததில் ஃபிளாட்டுக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் கிடைத்தது முழுக்க அந்தத் தோலுக்கும் பாட்டுக்கும் கிடைத்தது. அது உன்னுடையது. உன் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். திருப்பி அனுப்பினால் மறுபடி ‘நீங்கள்’ என்று எழுதத் தொடங்கிவிடுவேன்.

அண்ணி


மே 29

அண்ணி,

வேண்டாம் என்று சொல்லி, உங்களை இரண்டு கடிதம் கெஞ்ச வைத்து, அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். அந்த மரியாதையெல்லாம் நமக்குள் எதற்கு? வாங்கிக்கொண்டேன். நன்றி.

இந்தக் கட்டடத்திலேயே தெருப் பக்கம் ஜன்னல் உள்ள அறை காலியாகிறது. இதுவரை எனக்கு ஜன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர்தான். மாறிக்கொள்ளப் போகிறேன். ரிப்பேர்க்காரர் லீவு நாட்களில் கடைக்கு வரச் சொல்கிறார். தோல் மடிக்கிற கை வந்துவிட்டதாம், விடக்கூடாதாம். போகலாம் என்றிருக்கிறேன். அங்கே கதவு கிடையாது, தெருவைப் பார்த்த கடை.

வராந்தாவில் நான் நின்ற இடத்துக்குப் பாட்டுக் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், கொஞ்சம் தூரத்தில் கேட்பது போல. பக்கத்தில் ஒரு காவல்காரர் நின்றுகொண்டிருந்தார். “உள்ளே நிஜப் பறவை வந்துடுச்சா?”ன்னு கேட்டார். “ஆமா”ன்னு சொல்லிவிட்டேன். விளக்கமாகச் சொல்லும் நிலையில் நான் இல்லை.

உங்கள் தங்கை எனக்கு ரயிலுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தார். நாலு பேர் சாப்பிடலாம். மன்னிப்பை அவர் எடை போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

புது வீட்டுக்கு எப்போது?

தம்பி


ஜூன் 24

தம்பிக்கு,

மாறிவிட்டேன். இரண்டு அறை, ஒரு சமையலறை, கதவில் என் பேர். முதல் பஸ் கிளம்புகிற சத்தம் படுக்கையிலிருந்தே கேட்கிறது. நான் போட்ட நேரத்துக்குக் கிளம்புகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.

பழைய வீட்டுச் சாவியை ஒப்படைக்கப் போன அன்று நடந்ததை உனக்கு எழுத வேண்டும். பல் நாற்காலியை ஒரு ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். வெறும் முன்னறையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு ஆள் வந்து நின்றார். ஐம்பது வயது இருக்கும். கன்னத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். வெளியூராம்.

“டாக்டர் இல்லையா?”ன்னு கேட்டார்.

இந்த ஒன்றரை வருடத்தில் இந்தக் கேள்விக்கு நான் விதவிதமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். இப்போ பார்க்கிறதில்லை, வேற இடம் போங்க, ஆஸ்பத்திரி மூடியாச்சு. அன்றைக்கு என்னவோ, “அவர் இறந்துட்டாருங்க”ன்னு வந்துவிட்டது. அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். “எனக்கு வலிக்கிறது இந்தப் பக்கம். அந்தப் பக்கம் டாக்டர் கட்டினது. பதினொரு வருஷமாச்சு, ஒண்ணும் ஆகல. அதான் இந்தப் பக்கத்துக்கும் அவரையே தேடி வந்தேன்”ன்னார். சொல்லிவிட்டு, வாயைத் திறந்து காட்டினார். எனக்கு, அதுவும் வீட்டு வாசலில், யாரென்றே தெரியாத ஒரு ஆள். ஜன்னல் வெளிச்சம் நேராக விழுந்தது. நானும் குனிந்து பார்த்தேன். பின்னால் இரண்டு பல், பக்கத்துப் பற்களோடு ஒட்டி உறவாடிக்கொண்டு, எது இவருடையது எது கட்டியது என்று தெரியாமல் இருந்தது.

“ரொம்ப நல்லா இருக்குங்க”ன்னேன். வேறு என்ன சொல்வது? அடுத்த தெரு டாக்டருக்கு வழி சொல்லி அனுப்பினேன்.

அவர் போன பிறகு, கூட்டுகிறதை விட்டுவிட்டு அந்த வெறும் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் போன அன்று அழுததெல்லாம் சேர்த்தால்கூட அவ்வளவு இருக்காது. அழுது முடித்தபோது ஒன்று தோன்றியது. முப்பது வருடம் வாரத்தில் ஆறு நாள். எத்தனை வாய்! இந்த நேரத்தில் எந்தெந்த ஊரிலோ, எந்தெந்த வீட்டிலோ ஜனங்கள் உன் அண்ணன் கட்டிய பல்லால் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள், சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் யாருக்கும் அது நினைவில்கூட இருக்காது. அதுதானே நல்ல பல்லுக்கு அழகு.

இன்று பஸ்ஸில் எதிரே உட்கார்ந்த ஒரு அம்மா பெரிதாகச் சிரித்தார்கள். அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு வந்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

அவர் படித்து முடித்து வந்த புதிதில் உனக்கு ஒன்று கட்டினார் இல்லையா? மாடிப்படியில் விழுந்து உடைத்துக்கொண்டு வந்தாயே. அது இன்னும் இருக்கிறதா?

அண்ணி


ஜூலை 3

அண்ணி,

இருக்கிறது. இடது பக்கம், கீழே. அந்தப் பக்கம்தான் மெல்லுகிறேன்.

அடுத்த மாதம் வருகிறேன். வந்து காட்டுகிறேன், ஜன்னல் பக்கம் வெளிச்சமாக நிறுத்துங்கள்.

தம்பி